குடியை விட்ட 74ஆம் நாள்: இரவு நன்றி நோட்டு எழுதுவதில் ஒரு சந்தேகம்

பின்னல்நகர்

அனைவருக்கும் வணக்கம். குடியை நிறுத்தி இன்றோடு 74 நாட்கள் ஆகின்றன. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலராக வேலை செய்கிறேன். மறுவாழ்வு மையத்தில் 30 நாட்கள் தங்கியிருந்தபோது, இரவு படுக்கும் முன் நன்றி சொல்லத்தக்க ஐந்து விஷயங்களை நோட்டில் எழுதும்படி ஆலோசகர் பழக்கப்படுத்தினார். அங்கே இருந்தவரை அது எளிதாக இருந்தது. வீட்டுக்கு வந்தபின் நோட்டைப் புரட்டிப் பார்த்தால் ஒரே வரிகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன: உயிரோடு இருப்பதற்கு நன்றி, மனைவிக்கு நன்றி, பிள்ளைகளுக்கு நன்றி, வேலை இருப்பதற்கு நன்றி, கடவுளுக்கு நன்றி. பள்ளிக்கூடத்தில் இம்போசிஷன் எழுதியது போலவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய தொல்லை ஒன்று உண்டு. 'மனைவிக்கு நன்றி' என்று எழுதும்போதெல்லாம், அவளுடைய இரண்டு பவுன் சங்கிலியை அடகு வைத்து, வட்டி கட்டாமல் மூழ்க விட்டது கண்முன் வந்து நிற்கிறது. நோட்டை மூடும்போது மனம் லேசாவதற்குப் பதிலாகக் கனத்துப் போகிறது. மனம் கனத்தால் முன்பெல்லாம் எங்கே போய் நிற்பேன் என்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எங்களுக்குச் சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம். அந்த மாலையைக் கடப்பதே எனக்குப் பெரும்பாடு. இந்த நோட்டு உண்மையிலேயே பயன் தருகிறதா, அல்லது நல்ல பிள்ளையாக நடிக்கும் இன்னொரு வேலையா என்பதை அனுபவப்பட்டவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பழைய_பெஞ்சு

தம்பிக்கு வணக்கம். நான் ஏஏ (ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், குடியை விட விரும்புவோர் ஒருவருக்கொருவர் உதவும் இயக்கம்) கூட்டங்களுக்குப் போய்வருகிறவன். குடிக்காமல் 11 ஆண்டுகள் முடிந்திருக்கின்றன. நன்றியுள்ள நெஞ்சு குடிக்காது என்று எங்கள் கூட்டங்களில் சொல்வதுண்டு. அதை நான் அப்படியே நம்புகிறவன் அல்லன். உண்மையாகவே நன்றியுள்ள பலர் மறுபடி குடித்ததை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆனாலும் நோட்டு எழுதுவதை விட்டுவிடச் சொல்ல மாட்டேன்.

நீங்கள் குறிப்பிட்ட ஐந்து வரிகளையும் மறுபடி வாசித்துப் பாருங்கள். போன மாதம் எழுதினாலும் அடுத்த வருடம் எழுதினாலும் பொருந்தும். அன்றைய நாள் அவற்றில் எங்குமே இல்லை. என் வழிகாட்டி எனக்கு வேறு கணக்குச் சொல்லிக் கொடுத்தார்: ஐந்து வேண்டாம், ஒன்று போதும், ஆனால் அந்த ஒன்றில் ஆள், செயல், நேரம் மூன்றும் இருக்க வேண்டும்.

என் முதல் உருப்படியான வரி டீயைப் பற்றியது. குடித்துக்கொண்டிருந்த காலத்தில் காலையில் கை நடுங்கும் என்பதால் டீக்கடையில் அரை கிளாஸ் மட்டும் ஊற்றச் சொல்வேன். அதையும் இரண்டு கைகளாலும் பிடித்து, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று குடிப்பேன். முழு கிளாஸ் என்றால் பாதி சட்டையில்தான் கொட்டும். கடைக்கார அண்ணாச்சி பல வருடங்கள் ஊற்றினார். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை. குடியை விட்டு ஒன்றரை மாதம் ஆகியிருக்கும், ஒருநாள் அவராகவே கிளாஸை விளிம்புவரை நிரப்பி முன்னால் வைத்தார். ஒரு கையால் எடுத்தேன். ஒரு சொட்டும் சிந்தவில்லை. அன்று இரவு, 'காலை 6.20, அண்ணாச்சி கேட்காமலே முழு கிளாஸ் ஊற்றினார்' என்று எழுதினேன். அதில் நன்றி என்ற சொல்லே கிடையாது. அதற்குமுன் எழுதியதை எல்லாம் சேர்த்தாலும் அந்த ஒரு வரிக்கு ஈடாகாது என்பது என் எண்ணம்.

சங்கிலி விஷயத்தை இந்த நோட்டுக்குள் இழுக்காதீர்கள். 1935இல் அமெரிக்காவின் அக்ரன் நகரில் பில் வில்சன் என்ற பங்குச்சந்தைக்காரரும் பாப் ஸ்மித் என்ற மருத்துவரும் ஒருவருக்கொருவர் உதவிக் குடியை விட்டதில் தொடங்கியது எங்கள் இயக்கம். அதன் பன்னிரண்டு படிகளில், தீங்கு செய்யப்பட்டவர்களைப் பட்டியலிடுவது எட்டாவது. ஈடு செய்வது ஒன்பதாவது. அன்றாடக் கணக்குப் பார்ப்பது பத்தாவது. அவற்றைத் தனித்தனிப் படிகளாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சங்கிலி எட்டாம் படியில் எழுத வேண்டியது. அதை ராத்திரி பத்து மணிக்குத் தனியாக உட்கார்ந்து சுமந்தால் யாருக்கும் தூக்கம் வராது.

சாலையோரம்

மாற்றுக் கருத்தைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நானும் ஐந்து மாதங்கள் எழுதினேன், ஒருநாள்கூட விடாமல். நான் மறுபடி குடிக்கத் தொடங்கியதும் அந்த நோட்டில் பதிவாகியிருக்கிறது என்பதுதான் வேடிக்கை. 'இன்று ஒரு குவார்ட்டரோடு நிறுத்திக்கொண்டேன், நன்றி.' 'இன்று வீட்டில் சண்டை வரவில்லை, நன்றி.' 'வண்டியை எங்கும் மோதாமல் வீடு சேர்ந்தேன், நன்றி.' இப்போது படித்தால் உடல் கூசுகிறது. எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது என்று தினமும் எனக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. நான் முதலில் சேர்க்கப்பட்ட மையத்தில், சாப்பாட்டு வரிசையில் நிற்கும்போது உரக்க நன்றி சொன்னால்தான் தட்டில் சோறு விழும். முந்தைய இரவு அடித்த அதே ஆளுக்குத்தான் அந்த நன்றியைச் சொல்ல வேண்டும். இன்றும் யாராவது 'நன்றியோடு இருங்கள்' என்றால், வாயை மூடிக்கொண்டு இருங்கள் என்றுதான் என் காதில் விழுகிறது. இரண்டாவதாகச் சேர்ந்த இடம் மனிதர்கள் நடத்துகிற இடமாக இருந்தது. அங்கே யாரும் நன்றி கேட்கவில்லை. இப்போது குடிக்காமல் ஒன்றேகால் வருடம் ஆகிறது, நோட்டு இல்லாமலேயே.

மாலைநேரப்_பணி

மதுரை மாவட்டத்தில் மதுப்பழக்க மீட்புப் பிரிவொன்றில் செவிலியராகப் பதினான்கு ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். 'சாலையோரம்' எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஏனெனில் அவர் சொல்வதும் 'பழைய_பெஞ்சு' ஐயா சொல்வதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

முதலில் உடலைப் பற்றி. பல ஆண்டுகள் அதிகமாகக் குடித்தவருக்கு, எது கிடைத்தால் மகிழ வேண்டும் என்று மூளையில் கணக்கு வைத்திருக்கும் அமைப்பே மதுவுக்கு ஏற்றபடி மாறிப் போயிருக்கும். குடியை நிறுத்திய வாரங்களில், சில நேரம் மாதக்கணக்கிலும், பிள்ளையின் சிரிப்போ பிடித்த சாப்பாடோ எதுவும் ருசிக்காது. உலகமே சாம்பல் பூசியதுபோல் இருக்கும். 74ஆம் நாளில் நன்றி 'வரவில்லை' என்பது உங்கள் குணக்கேடு அல்ல, சகோதரரே. பெரும்பாலும் அது குணமாகிக்கொண்டிருக்கும் மூளையின் நிலை. வராத உணர்ச்சியை வந்ததாக எழுதச் சொன்னால் நோட்டு பொய் பேசத்தான் செய்யும்.

இந்தப் பயிற்சி எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2003இல் எம்மன்ஸ், மெக்கல்லோ என்ற இரு உளவியலாளர்கள், நன்றிக்குரியவற்றை எழுதியவர்களையும் எரிச்சலூட்டியவற்றை எழுதியவர்களையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். 2005இல் செலிக்மன் என்ற உளவியலாளரின் குழுவினர், ஒரு வாரம் தினமும் இரவில் நல்லபடியாக நடந்த மூன்று விஷயங்களை எழுதச் சொல்லிச் சோதித்தார்கள். மனச்சோர்வு குறைந்த பலன் ஆறு மாதம்வரை தெரிந்தது. தாமாகவே எழுதுவதைத் தொடர்ந்தவர்களிடம் அது நன்றாக நிலைத்தது. அந்தப் பயிற்சியில் ஒரு பாதியை நம் ஊர் மையங்கள் பலவற்றில் விட்டுவிடுகிறார்கள். மூன்று விஷயங்களை எழுதினால் போதாது. ஒவ்வொன்றும் ஏன் நடந்தது என்பதையும் எழுத வேண்டும். 'அண்ணாச்சி முழு கிளாஸ் ஊற்றினார்' என்பது முதல் பாதி. ஏன் ஊற்றினார்? என் கையை அவர் இத்தனை நாளும் கவனித்துக்கொண்டிருந்திருக்கிறார், கை நடுக்கம் நின்றுவிட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இது இரண்டாம் பாதி. வேலை நடப்பது இங்கேதான்.

இனி 'சாலையோரம்' எழுப்பிய கேள்விக்கு வருகிறேன். அமெரிக்காவில் ஏமி கிரெண்ட்ஸ்மன் என்ற ஆய்வாளர் மதுச்சார்புக்குச் சிகிச்சை பெறுவோரிடமே இதைச் சோதித்திருக்கிறார். 2015இல் வெளியான அவருடைய ஆய்வில் 23 பேர்தான் இருந்தார்கள். பயிற்சி 14 நாட்கள். எதிர்மறை உணர்வுகள் குறைந்தன. கூடியது உற்சாகம் அல்ல, அமைதி என்பதைக் கவனிக்க வேண்டும். மிகச் சிறிய ஆய்வு என்பதால் அதற்குமேல் அதை நீட்டிப் பேசக் கூடாது. 2017இல் அவரே வெளியிட்ட தொடக்கநிலை முடிவொன்று இன்னும் முக்கியமானது. சிகிச்சைக்குப் பிறகு குடிக்காமல் இருந்தவர்களிடம் நன்றியுணர்வு கூடுதலாக இருந்தால் பிற்பாடும் குடிக்காமல் இருப்பது கூடுதலாகக் காணப்பட்டது. அடிக்கடி குடித்துக்கொண்டிருந்தவர்களிடமோ அது தலைகீழாக இருந்தது. இருக்கும் நிலை எதுவோ அதில் மனத்தை அமரச் செய்வது நன்றியின் இயல்பு; குடிக்காத நிலையில் அது துணை, குடிக்கும் நிலையில் அதுவே தாலாட்டு. 'ஒரு குவார்ட்டரோடு நிறுத்தினேன், நன்றி' என்ற வரிக்கு இதைவிடப் பொருத்தமான விளக்கம் எனக்குத் தெரியவில்லை. மையத்தில் அடித்துச் சொல்ல வைத்த நன்றியை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம், அது வன்முறை.

தினமும் எழுதித்தான் ஆக வேண்டும் என்பதும் வேதவாக்கு அல்ல. வாரம் ஒருமுறை எழுதியவர்களுக்கு மகிழ்ச்சி கூடியதையும், வாரம் மூன்றுமுறை எழுதியவர்களுக்குக் கூடாததையும் லூபோமிர்ஸ்கி என்பவரின் ஆறு வார ஆய்வு காட்டியது. புளித்துப் போனால் எதுவும் வேலை செய்யாது. உங்களுக்குச் சனிக்கிழமை ஆபத்தான நாள் என்றால், வெள்ளி இரவும் சனி இரவும் மட்டும் எழுதிப் பாருங்கள்.

கடைசியாக, இதைப் படித்துவிட்டு நாளைக்கே நோட்டு வாங்கிக் குடியை நிறுத்தலாம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. தினமும் அதிகமாகக் குடிப்பவர் திடீரென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் ஆள் இடம் தெரியாத குழப்பம், இல்லாதவை கண்ணுக்குத் தெரிவது, காய்ச்சல் என்று முற்றி உயிரே போகலாம். கார்த்திகையில் மாலை போட்டவுடன் ஒரே நாளில் நிறுத்தி, மூன்றாம் நாள் எங்களிடம் தூக்கி வரப்படுகிறவர்களை ஒவ்வொரு வருடமும் பார்க்கிறேன். சாமி குற்றம் என்று வீட்டார் பயந்து போயிருப்பார்கள். கயிறு கட்டுவதானாலும் மாலை போடுவதானாலும் மருத்துவரைப் பார்த்துவிட்டுச் செய்யுங்கள். எங்கே போவது என்று தெரியாவிட்டால் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை எந்த நேரத்திலும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள்.

குடத்தடி

என் வீட்டுக்காரர் குடிநோயாளி. இப்போது மூன்று வருடங்களாகக் குடிப்பதில்லை. மேலே எல்லோரும் எழுதுகிறவரின் பக்கத்திலிருந்து பேசியிருக்கிறீர்கள். எழுதப்படுகிறவளின் பக்கத்திலிருந்தும் கொஞ்சம் சொல்கிறேன்.

அவர் மையத்திலிருந்து வந்த முதல் மாதம், தினமும் இரவு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு வாசித்துக் காட்டுவார். 'என்னை விட்டுப் போகாமல் இருந்த என் மனைவிக்கு நன்றி.' வாசித்து முடித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். நான் அழ வேண்டும், அல்லது மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வேண்டும் என்று எதிர்பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். எனக்கோ பகல் முழுவதும் வேலை, அதற்குமேல் சீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டிய பதில். அவர் நன்றி சொல்வது எனக்குப் புதுக் கடன் கேட்பதுபோல் இருந்தது. நான் விட்டுப் போகாமல் இருந்தது அவருக்காக அல்ல, போக இடம் இல்லாததால் என்று ஒருநாள் வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். அன்றோடு வாசிப்பது நின்றது. அப்படிச் சொன்னதற்காக நான் இன்றுவரை வருந்தவில்லை.

எழுதுவதை அவர் நிறுத்தினாரா இல்லையா என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. ஆனால் அதற்கடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் எழுந்து பார்த்தால், குடங்கள் எல்லாம் நிறைந்து வரிசையாக நிற்கின்றன. எங்கள் தெருவில் ஒருநாள் விட்டு ஒருநாள் விடியற்காலை நாலரை மணிக்குத் தண்ணீர் வரும். பதினாறு வருடம் நான்தான் பிடித்தேன். அவர் அந்த நேரத்தில் ஒன்று போதையில் கிடப்பார், அல்லது வீட்டிலேயே இருக்க மாட்டார். இப்போது மூன்று வருடமாக அவர்தான் பிடிக்கிறார், ஒருநாள்கூட எழுப்பியதில்லை. இதைப் பற்றி நாங்கள் இருவரும் ஒருமுறைகூடப் பேசிக்கொண்டதில்லை.

'பின்னல்நகர்' தம்பிக்கு: உங்கள் மனைவியைப் பற்றி எழுதுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரிடம் வாசித்துக் காட்டாதீர்கள். அவர் கேட்டால் மட்டும் கொடுங்கள்.

ஓலைச்சுவடி

ஓய்வு பெற்ற தமிழாசிரியன் நான். குடிப்பழக்கம் என் தம்பியைக் கொண்டுபோயிற்று. அதனால்தான் இப்பக்கங்களைப் படிக்கிறேன். மேலே நடக்கும் பேச்சோடு ஒட்டிய ஒரு சொற்செய்தியைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். திருக்குறளின் 11ஆம் அதிகாரத்துக்குச் 'செய்ந்நன்றி அறிதல்' என்று பெயர். அங்கே நன்றி என்பது நம் மனத்தில் எழும் உணர்ச்சியைக் குறிக்கவில்லை. பிறர் நமக்குச் செய்த நன்மையையே குறிக்கிறது. நம் பங்குக்கு வைக்கப்பட்டிருப்பது 'அறிதல்' மட்டுமே. இன்று நன்றியை ஓர் உணர்ச்சியாகவோ, முடிந்ததும் சொல்லிவிடும் ஒரு சொல்லாகவோ ஆக்கிவிட்டோம். அதனால்தான் அது வரவில்லை என்று தவிக்கிறோம். டீக்கடைக்காரர் செய்ததை நேரத்தோடு குறித்தவரும், ஏன் நடந்தது என்று எழுதச் சொல்லும் செவிலியரும் அறிதலைத்தான் செய்கிறார்கள். குடம் நிறைத்து வைப்பவரைப் பற்றி நான் சொல்ல ஒன்றுமில்லை.

பத்துச்சக்கரம்

நான் லாரி டிரைவர். எனக்கு எழுத்து சரியாக வராது, இதையும் என் மகள்தான் தட்டித் தருகிறாள். நோட்டெல்லாம் எனக்கு ஆகாது. இரவு வண்டியை ஓரங்கட்டியதும் கட்டை விரலால் மற்ற விரல்களின் கணுக்களை எண்ணுவேன். ஒரு கணுவுக்கு ஒரு ஆள்: டோல்கேட்டில் சில்லறை கொடுத்த பையன், பஞ்சர் ஒட்டிய பெரியவர், ராத்திரியில் லைட்டை டிம் பண்ணிய எதிர் வண்டிக்காரர். பன்னிரண்டு கணுவும் நிறைந்த நாள் அபூர்வம். நான்கு, ஐந்தில் தூங்கிவிடுவேன். நான்கு வருடமாக இப்படித்தான் ஓடுகிறது.

சாலையோரம்

செவிலியர் அம்மாவின் பதிலை இரண்டுமுறை படித்தேன். தாலாட்டு என்ற சொல் உறைத்தது. என் பழைய நோட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருக்கிறேன். மறுபடி குடிக்கப் போகிறவனின் கையெழுத்து எப்படி இருக்கும் என்று பார்த்துக்கொள்வதற்காக. புதிதாக எழுதத் தொடங்குவேன் என்று உறுதி தர மாட்டேன். விரல் கணு யோசனை மட்டும் பிடித்திருக்கிறது. அதை யாரும் வரிசையில் நிறுத்தி உரக்கச் சொல்லச் சொல்ல முடியாது.

பின்னல்நகர்

பதில் எழுதிய அனைவரையும் வணங்குகிறேன். மூன்று வாரங்கள் கழித்து வருகிறேன். இன்று 95ஆம் நாள்.

ஐந்து வரி எழுதுவதை நிறுத்திவிட்டேன். பழைய பெஞ்சு ஐயா சொன்னபடி ஒரே வரி, அதன்கீழ் செவிலியர் அம்மா சொன்னபடி 'ஏன்' என்று இன்னொரு வரி. பல இரவுகளில் பக்கம் காலியாகவே இருக்கிறது. முன்பானால் கடவுளுக்கு நன்றி என்று போட்டு நிரப்பியிருப்பேன். முதல் சனிக்கிழமை மிகவும் கஷ்டமாக இருந்தது. இரண்டாவது சனிக்கிழமைக்கு முன்பே சூப்பர்வைசர் அண்ணனிடம் போய், என் சம்பளத்தைக் கையில் தராமல் மனைவியின் கணக்கில் போட முடியுமா என்று கேட்டேன். 'மாலை 6.40, அண்ணன் ஒன்றும் கேட்காமல் என் முன்னாலேயே பணத்தைப் போட்டு, ஸ்கிரீனைக் காட்டினார். ஏன்? அவருடைய அப்பாவும் குடித்தவர்.' அது எனக்கு முன்பே தெரியும். ஆனால் எழுதும்போதுதான் இரண்டும் சேர்ந்தன. வீட்டுக்குப் பஸ்ஸில் போகாமல் நடந்தே போனேன், கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து.

குடத்தடி அக்கா எழுதியதைப் படித்த பிறகு, நோட்டைத் தையல் மிஷின் டிராயரில் வைத்துவிட்டேன், வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. மூழ்கிய சங்கிலியைத் திரும்ப வாங்குவது இப்போதைய தங்க விலையில் நினைத்துப் பார்க்க முடியாதது. ஆனாலும் ஓவர்டைம் பணத்தில், போன திங்கட்கிழமை, நகைக்கடை ஒன்றில் மாதம் ஆயிரம் ரூபாய்ச் சீட்டுக் கட்டத் தொடங்கி, அட்டையை அவளிடம் கொடுத்தேன். ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்ல நாக்கு நுனிவரை வந்தது, சொல்லவில்லை. அவளும் ஒன்றும் சொல்லவில்லை. அட்டையின் முன்பக்கம், பின்பக்கம் இரண்டையும் பார்த்தாள். ரேஷன் கார்டு வைக்கும் மஞ்சள் பையை எடுத்து, அதற்குள் வைத்தாள்.